மாஸ்டடான் சர்வர் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

மாஸ்டடான் என்பது யார் வேண்டுமானாலும் சொந்தமாக நடத்தக்கூடிய சமூக வலைத்தள மென்பொருள்; ஃபெடிவர்ஸ் என்ற வலையில் ஒரு சர்வர் மற்ற சர்வர்களோடு பேசும். சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, மாத வாடகைக்கு விபிஎஸ் (இணையவழி வாடகைக் கணினி) எடுத்து, உபுண்டுவிலோ டெபியனிலோ மாஸ்டடான் நிறுவியவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவைதான். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே பிரித்துப் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில் வரும். டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டியாக ஓட்டும் கருவி) இல்லாத வழக்கமான நிறுவலை மனதில் வைத்து எழுதுகிறேன்: மாஸ்டடான் என்ற பயனர், அவருடைய ஹோம் கோப்புறைக்குள் ‘லைவ்’ என்ற கோப்புறை, அதற்குள் அமைப்புகள் எல்லாம் இருக்கும் என்வ்.புரொடக்ஷன் கோப்பு. டாக்கரில் ஓட்டுபவர்களுக்குக் கட்டளைகள் மாறும், காரணங்கள் மாறாது.

பக்கம் திறக்கிறது என்பதால் சர்வர் நலமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். உலாவியில் நீங்கள் பார்ப்பது பூமா என்ற ஒரு புரோகிராம் தருவது. பதிவுகளை வெளியே அனுப்புவது, வெளியிலிருந்து வருவதை வாங்குவது, மின்னஞ்சல் அனுப்புவது எல்லாம் சைட்கிக். டைம்லைன் தானாக நகர்வது நோட்.ஜேஎஸ்ஸில் ஓடும் ஸ்ட்ரீமிங் என்ற புரோகிராமின் வேலை. இவற்றுக்குப் பின்னால் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளமும் ரெடிஸ் என்ற தற்காலிகச் சேமிப்பும், முன்னால் எஞ்சின்எக்ஸ் என்ற வலை சர்வரும் நிற்கின்றன. இதில் எது படுத்தாலும் அறிகுறி வேறு வேறு மாதிரி தெரியும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டிய மூன்று

‘டிஎஃப் -ஹெச்’ கொடுத்து டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். விசித்திரமான பிழைகளில் பாதி இங்கேயே முடிந்துவிடும்.

‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ கட்டளையில் மாஸ்டடான்-வெப், மாஸ்டடான்-சைட்கிக், மாஸ்டடான்-ஸ்ட்ரீமிங், போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், எஞ்சின்எக்ஸ் ஆறையும் பாருங்கள். பச்சையாக இருந்தால் மட்டும் போதாது, எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ‘12 விநாடிகளாக’ என்று காட்டினால் அது விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது, நிர்வாகியாக உள்ளே நுழைந்து டொமைனுக்குப் பின்னால் ‘சைட்கிக்’ என்ற பாதையைச் சேர்த்தால் வரும் பலகை. வரிசையில் எத்தனை வேலை காத்திருக்கிறது, தாமதம் எவ்வளவு, எது தோற்றது எல்லாம் அங்கே தெரியும். பலர் மாதக்கணக்கில் சர்வர் நடத்தியும் இந்தப் பலகையைத் திறந்திருக்கமாட்டார்கள்.

## அறிகுறி: பக்கமே திறக்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிடுகிறது

டொமைன் பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸில் தொடங்குங்கள். ‘டிக்’ கட்டளையில் டொமைன் பெயரைக் கொடுத்தால் உங்கள் சர்வரின் ஐபி வர வேண்டும். வேறு ஐபி வந்தால் ஏ ரெக்கார்டைத் திருத்திவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள்.

ஐபி சரி என்றால் 80, 443 இரண்டு போர்ட்டும் திறந்திருக்கின்றனவா? இங்கே இரண்டு ஃபயர்வால் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்று லினக்ஸுக்குள் இருக்கும் யுஎஃப்டபிள்யூ. இன்னொன்று விபிஎஸ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் இருப்பது. உள்ளே திறந்துவிட்டு வெளியே மூடியே வைத்திருப்பார்கள்.

சிலருக்குத் திறக்கிறது, சிலருக்குத் திறக்கவில்லை என்றால் ஐபிவி6 பக்கம் சந்தேகப்படுங்கள். குவாட்-ஏ ரெக்கார்டு (ஐபிவி6 முகவரிக்கான டிஎன்எஸ் பதிவு) போட்டிருப்பீர்கள், ஆனால் எஞ்சின்எக்ஸ் ஐபிவி6இல் கேட்காது, அல்லது ஃபயர்வால் விடாது. சரிசெய்ய நேரமில்லையென்றால் அந்த ரெக்கார்டை எடுத்துவிடுங்கள், அதில் தவறில்லை.

வீட்டில் ஒரு பழைய கணினியிலோ ராஸ்பெர்ரி பையிலோ நிறுவியவர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ரௌட்டரின் வான் பக்கத்தில் தெரியும் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். வெளியுலகுக்குத் தெரியும் பொது ஐபி உங்களுடையது மட்டுமல்ல, பலருக்கும் பொதுவானது. போர்ட் ஃபார்வர்டிங்கில் எவ்வளவு நேரம் போராடினாலும் பயன் இல்லை. இணைப்பு தருபவரிடம் நிலையான பொது ஐபி கேட்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். இல்லாவிட்டால் சின்ன விபிஎஸ் ஒன்றை எடுத்து வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக வீட்டுக்கு இணைக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், வீட்டு ஐபி வெளியே தெரியாது.

## அறிகுறி: 502 பேட் கேட்வே

எஞ்சின்எக்ஸ் உயிரோடு இருக்கிறது, அதற்குப் பின்னால் 3000 போர்ட்டில் இருக்க வேண்டிய பூமா இல்லை. ‘ஜர்னல்சிடிஎல் -யு மாஸ்டடான்-வெப்’ கொடுத்துக் கடைசி ஐம்பது வரிகளைப் படியுங்கள்.

போஸ்ட்கிரெஸுடன் இணைய முடியவில்லை என்று சொன்னால் போஸ்ட்கிரெஸ் ஏன் நின்றது என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் டிஸ்க் நிரம்பியிருக்கும். மாஸ்டடான் எழுதப்பட்ட மொழியான ரூபியின் பதிப்பு நிறுவப்படவில்லை என்று சொன்னால் அப்டேட்டின்போது புது ரூபியை, ரூபி பதிப்புகளை நிர்வகிக்கும் ஆர்பிஎன்வில் போட விட்டுவிட்டீர்கள். எந்தக் காரணமும் சொல்லாமல் ‘கில்டு’ என்று மட்டும் இருந்தால் நினைவகம் போதாமல் லினக்ஸ் கெர்னலே அதைக் கொன்றிருக்கிறது. ‘ஜர்னல்சிடிஎல் -கே’ கொடுத்து ‘ஓஓஎம்’ என்று தேடினால் சாட்சி கிடைக்கும். 2 ஜிபி ஸ்வாப் கோப்பு (டிஸ்கின் ஒரு பகுதியை நினைவகமாகப் பயன்படுத்துவது) ஒன்று போட்டால் சின்ன சர்வரில் இது பெரும்பாலும் தீரும். ஸ்வாப் போட்டும் தினமும் விழுகிறது என்றால் ராம் கூட்டுவதைத் தவிர வழியில்லை, அதுதான் இதில் காசு செலவாகும் இடம்.

## அறிகுறி: கணினித் திரையைத் தாக்கும் யானைப் படம், அல்லது நிறமில்லாத உடைந்த பக்கம்

புதிதாக நிறுவியவுடன் யானை வந்தால் மாஸ்டடான்-வெப் இன்னும் ஓடவில்லை. உடைந்த பக்கம் வந்தால் காரணம் அநேகமாக ஒன்றே ஒன்றுதான். உபுண்டு 21.04 தொடங்கிப் புதிய பயனர்களின் ஹோம் கோப்புறை மற்றவர்களுக்குப் பூட்டப்பட்டே உருவாகிறது. எஞ்சின்எக்ஸ் ஓடும் பயனருக்கு மாஸ்டடானின் ஹோமுக்குள் நுழைய அனுமதியில்லை, அதனால் சிஎஸ்எஸ்ஸும் ஜாவாஸ்கிரிப்டும் உலாவிக்கு வந்துசேர்வதில்லை. ‘சிஹெச்மாட் ஓ+எக்ஸ்’ என்று மாஸ்டடானின் ஹோம் கோப்புறைக்குக் கொடுத்தால் முடிந்தது. 777 கொடுக்காதீர்கள். இணையத்தில் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். என்வ் கோப்பில் உங்கள் ரகசியச் சாவிகள் எல்லாம் இருக்கின்றன.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வரில் அப்டேட்டுக்குப் பின் இது வந்தால் அசெட்ஸ் பிரிகம்பைல் (சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் தயாரிக்கும் படி) முழுமையாக முடியவில்லை. மறுபடி ஓட்டுங்கள். பாதியில் 137 என்ற எண்ணோடு நின்றால் அதுவும் நினைவகப் பற்றாக்குறைதான், மேலே சொன்ன ஸ்வாப்புக்குப் போங்கள்.

## அறிகுறி: ‘அதிகப்படியான திசைமாற்றங்கள்’ என்று உலாவி புலம்புகிறது

இடையில் கிளவுட்ஃபிளேர் போன்ற சிடிஎன் (இடையில் நின்று பக்கங்களை வழங்கும் சேவை) வைத்திருக்கிறீர்களா? அதன் டிஎல்எஸ் அமைப்பு ‘ஃபிளெக்சிபிள்’ என்றிருந்தால் அது உங்கள் சர்வரிடம் ஹெச்டிடிபியில் பேசும். மாஸ்டடான் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ என்று திருப்பும். அது மறுபடி ஹெச்டிடிபியில் வரும். ‘ஃபுல் (ஸ்ட்ரிக்ட்)’ என்று மாற்றுங்கள்.

சிடிஎன் இல்லாமலே இப்படி என்றால் எஞ்சின்எக்ஸ் அமைப்பில் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெட்டர் வரி விடுபட்டிருக்கும். மாஸ்டடானோடு வரும் மாதிரிக் கோப்பில் அது இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

## அறிகுறி: சான்றிதழ் காலாவதி எச்சரிக்கை

லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தரும் ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் வழக்கமாக 90 நாள். முன்பெல்லாம் முடியப்போகிறது என்று மின்னஞ்சல் வரும், 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். ஆக, நீங்களேதான் கவனிக்க வேண்டும்.

சான்றிதழை வாங்கிப் புதுப்பிக்கும் கருவி செர்ட்பாட். ‘செர்ட்பாட் சர்டிஃபிகேட்ஸ்’ கொடுத்துப் பாருங்கள். அங்கே புதிய தேதி இருக்கிறது, உலாவியில் மட்டும் பழையது தெரிகிறது என்றால் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டுவிட்டது, எஞ்சின்எக்ஸுக்கு யாரும் சொல்லவில்லை. ரீலோட் செய்யுங்கள். அடுத்த முறை தானாக நடக்க செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹூக்கில் அந்த ரீலோட் கட்டளையைப் போட்டுவையுங்கள்.

புதுப்பிப்பே தோற்கிறது என்றால் 80 போர்ட் மூடியிருக்கலாம். ஐபிவி6 ரெக்கார்டு இருந்தால் லெட்ஸ் என்க்ரிப்ட் முதலில் அந்த வழியாகத்தான் வரும், அதையும் பாருங்கள். பதற்றத்தில் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள்: ஒரே டொமைனுக்கு மணிக்கு 5 தோல்விக்கு மேல் அவர்கள் கதவை மூடிவிடுவார்கள். ‘டிரை-ரன்’ சேர்த்துச் சோதித்துவிட்டு, அது வெற்றி பெற்ற பின் உண்மையான கட்டளையைக் கொடுங்கள்.

## அறிகுறி: உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் போகவில்லை

அவசரமாக ஒருவரை உள்ளே விட வேண்டுமென்றால் மின்னஞ்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம். மாஸ்டடானின் நிர்வாகக் கருவியான டூட்சிடிஎல்லில் ‘டூட்சிடிஎல் அக்கவுண்ட்ஸ் மாடிஃபை’ என்று பயனர்பெயரோடு ‘--கன்ஃபர்ம்’ சேர்த்தால் அவர் உறுதியாகிவிடுவார். அப்புறம் நிதானமாகக் காரணத்தைத் தேடலாம்.

சைட்கிக் பலகையில் ‘மெயிலர்ஸ்’ வரிசையைப் பாருங்கள். வேலைகள் அப்படியே குவிந்திருந்தால் சைட்கிக் ஓடவில்லை. ரீட்ரைஸ் (தோற்று மறுமுயற்சிக்குக் காத்திருப்பவை) பக்கத்தில் இருந்தால் அங்கேயே பிழைச் செய்தி இருக்கும்:

– இணைப்பு நேரம் கடந்தது என்றால் 25ஆம் போர்ட்டைப் பயன்படுத்துகிறீர்கள். பெரும்பாலான விபிஎஸ் நிறுவனங்கள் அதை அடைத்தே வைத்திருக்கும். 587க்கு மாறுங்கள்.
– கடவுச்சொல் தவறு என்றால் என்வ் கோப்பில் அந்த மதிப்புக்குள் பவுண்டு குறியோ டாலர் குறியோ இருக்கிறதா பாருங்கள், ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள்.
– அனுப்புநர் நிராகரிக்கப்பட்டார் என்றால் எஸ்எம்டிபி_ஃப்ரம்_அட்ரஸ் உங்கள் மின்னஞ்சல் சேவையில் பதிவு செய்த முகவரியாக இல்லை.

பிழையே இல்லை, போய்விட்டது என்று காட்டுகிறது, ஆனால் பெறுபவரிடம் ஸ்பேமுக்குள் கிடக்கிறது, அல்லது அங்கேயும் காணோம் என்றால் அனுப்புநர் உண்மையானவர் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்று டிஎன்எஸ் ரெக்கார்டுகளையும் சரிபாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் இதில் கறார்.

சொந்த மெயில் சர்வரே நடத்துகிறேன் என்று கிளம்பாதீர்கள். மாஸ்டடான் சர்வர் நடத்துவதைவிட அது பெரிய தலைவலி. மின்னஞ்சல் அனுப்புவதற்கென்றே இருக்கும் சேவைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வதுதான் இங்கே ‘நிபுணரைக் கூப்பிடும்’ கட்டம்.

## அறிகுறி: வெளியுலகத்தோடு தொடர்பு இல்லை

அதிகம் வரும் புகார் இது. இதையே நாலாகப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் நாலுக்கும் காரணம் வேறு.

### மற்ற சர்வரில் என் முகவரியைத் தேடினால் கிடைக்கவில்லை

தேடுபவர் அவருடைய சர்வரில் உள்நுழைந்திருக்கிறாரா என்று கேளுங்கள். உள்நுழையாமல் தேடினால் புதிய முகவரிகள் கிடைக்காது.

அடுத்து, முகவரியை வைத்துக் கணக்கைக் கண்டுபிடிக்க உதவும் வெப்ஃபிங்கர். உங்கள் டொமைனின் வெல்-நோன் பாதைக்குள் வெப்ஃபிங்கர் முகவரியை, ‘ஏசிசிடி:’ என்று தொடங்கும் உங்கள் முழு முகவரியோடு உலாவியில் திறந்தால் ஒரு ஜேசான் (தரவு உரை) வர வேண்டும். 404 வந்தால், லோக்கல்_டொமைன் (முகவரியில் வருவது) ஒன்றாகவும் வெப்_டொமைன் (தளம் ஓடுவது) வேறாகவும் வைத்திருப்பவர்கள் முதன்மை டொமைனிலிருந்து அந்தப் பாதையைத் திசைமாற்ற மறந்திருப்பார்கள். முகவரி குட்டையாக இருக்கட்டும் என்று டொமைனில் ஒன்றும் சப்டொமைனில் இன்னொன்றும் வைத்தவர்களுக்கு இது சகஜம். முதன்மை டொமைனின் எஞ்சின்எக்ஸில் ஒரு 301 வரி போதும்.

வந்த ஜேசானில் டொமைன் பெயரே தவறாக இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். லோக்கல்_டொமைனைப் பின்னால் மாற்ற முடியாது. மாற்றினால் அதுவரை பழகிய எல்லா சர்வர்களுக்கும் நீங்கள் வேறு ஆள். யாரையும் பின்தொடராத, யாரும் பின்தொடராத முதல் நாளாக இருந்தால் தரவுத்தளத்தை அழித்துவிட்டுச் சரியான பெயரில் தொடங்குங்கள். நாள் கடந்திருந்தால் அந்தப் பெயரோடே வாழப் பழகுங்கள்.

சிடிஎன் இருந்தால் இன்னொன்று. ‘நீங்கள் ரோபோவா’ என்று கேட்கும் பாதுகாப்பு, வரும் ஒவ்வொரு சர்வரையும் ரோபோ என்று நினைக்கும். உண்மையில் அவை ரோபோதானே. அந்தச் சோதனையை இன்பாக்ஸ், வெப்ஃபிங்கர், பயனர் பாதைகளுக்கு நிறுத்துங்கள். சிடிஎன் பக்கங்களைச் சேமித்துக் கொடுக்கும்போது ஜேசான் கேட்டவருக்கு ஹெச்டிஎம்எல் கொடுத்துவிடுவதும் உண்டு. சந்தேகம் இருந்தால் சிடிஎன்னை ஒரு மணி நேரம் அணைத்துவைத்துப் பாருங்கள்.

### கண்டுபிடிக்கிறார்கள், ஆனால் பின்தொடரும் கோரிக்கை நிலுவையிலேயே நிற்கிறது

கணக்கைப் பூட்டிவைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சர்வரின் கடிகாரம். ‘டைம்டேட்சிடிஎல்’ கொடுத்து நேரம் ஒத்திசைந்திருக்கிறதா என்று பாருங்கள். சர்வர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் நேரத்தோடு கையெழுத்து இருக்கிறது. கடிகாரம் மணிக்கணக்கில் தள்ளிப் போயிருந்தால் எதிர்ப்பக்கம் 401 சொல்லி நிராகரிக்கும். வீட்டுக் கணினிகளில் இது அடிக்கடி நடக்கிறது. நேர மண்டலத்தை மாற்றுவது இதற்குத் தீர்வு அல்ல, நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி ஓட வேண்டும்.

கடிகாரம் சரி, 401 தொடர்கிறது என்றால்: அதே டொமைனில் முன்பு ஒருமுறை மாஸ்டடானோ வேறு ஃபெடிவர்ஸ் மென்பொருளோ நிறுவி அழித்திருக்கிறீர்களா? பழைய கணக்கின் சாவியை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும். இதோடு மல்லுக்கட்டுவதைவிடப் புது சப்டொமைன் எடுப்பது மலிவு.

### என் பதிவுகள் வெளியே போவதில்லை

சைட்கிக் பலகையில் ‘புஷ்’ வரிசையைப் பாருங்கள். தாமதம் நொடிகளில் இருந்தால் நலம். மணிக்கணக்கில் இருந்தால் சைட்கிக் திணறுகிறது, கீழே ‘மெதுவாக இருக்கிறது’ பகுதிக்குப் போங்கள்.

ரீட்ரைஸ் பக்கம் காலியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஃபெடிவர்ஸில் செத்துப்போன சர்வர்கள் ஏராளம். அவற்றுக்கு அனுப்பித் தோற்ற வேலைகள் அங்கே கிடந்துகொண்டே இருக்கும். ஒரு சர்வருக்கு ஏழு வெவ்வேறு நாள்களில் அனுப்பித் தோற்றால் மாஸ்டடானே அதை எட்டாத சர்வர் என்று குறித்து, அனுப்புவதை நிறுத்திவிடும். பட்டியலில் டொமைன்கள் கலவையாக இருந்தால் விட்டுவிடுங்கள். எல்லா டொமைனுக்கும் ஒரே பிழை என்றால்தான் பிரச்சினை உங்களிடம். எல்லாமே நேரம் கடந்தது என்றால் சர்வருக்கு ஐபிவி6 முகவரி இருக்கிறது, வெளியே போக வழியில்லை என்பது அடிக்கடி காணும் காரணம். ‘கர்ல் -6’ கொடுத்து ஏதாவது ஒரு தளத்தை இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு பெரிய சர்வருக்கு மட்டும் போகவில்லை என்றால் அவர்கள் உங்களைத் தடுத்திருக்கலாம். பல சர்வர்கள் தங்கள் ‘பற்றி’ பக்கத்தில் தடுத்த சர்வர்களின் பட்டியலைக் காட்டும். இரண்டாம் கை டொமைன் வாங்கியவர்கள் முன்னாள் உரிமையாளரின் பாவத்தைச் சுமக்க நேரும். அந்த சர்வரின் நிர்வாகிக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதுவதைத் தவிர இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு கிடையாது.

### மற்றவர்களின் பக்கம் காலியாகத் தெரிகிறது

இது பழுது அல்ல. உங்கள் சர்வரிலிருந்து யாராவது அவரைப் பின்தொடரத் தொடங்கிய பிறகு வரும் பதிவுகள்தான் இங்கே வந்துசேரும். பழைய பதிவுகளை மாஸ்டடான் மொத்தமாக இழுத்துவராது. புது சர்வரில் ஹேஷ்டேகுகளும் வெறிச்சோடித்தான் இருக்கும். நிறையப் பேரைப் பின்தொடருங்கள். ரிலே (பல சர்வர்களின் பதிவுகளை மொத்தமாக அனுப்பும் சேவை) சேர்த்தால் கூட்டம் வரும், கூடவே டிஸ்கும் நிரம்பும். ஒருவர் இருவர் இருக்கும் சர்வருக்கு ரிலே வேண்டாம் என்பதே என் கட்சி.

## அறிகுறி: புதிய பதிவுகள் பக்கத்தைப் புதுப்பித்தால்தான் வருகின்றன

ஸ்ட்ரீமிங் ஓடவில்லை, அல்லது எஞ்சின்எக்ஸ் வெப்சாக்கெட்டை (நேரடி இணைப்பை) 4000 போர்ட்டுக்கு அனுப்பவில்லை. சர்வீஸை மறுதொடக்கம் செய்யுங்கள். தீரவில்லையென்றால் எஞ்சின்எக்ஸ் அமைப்பில் அப்கிரேட், கனெக்ஷன் என்ற இரண்டு ஹெட்டர் வரிகளைத் தேடுங்கள்.

## அறிகுறி: படம் ஏறவில்லை

413 வந்தால் எஞ்சின்எக்ஸின் இயல்பான வரம்பு 1 எம்பி என்பதுதான் காரணம். மாஸ்டடானின் மாதிரிக் கோப்பில் இதை 99 எம்பிக்கு உயர்த்தியிருப்பார்கள், நீங்கள் வேறு கோப்பு எழுதியிருக்கிறீர்கள். 500 வந்தால் பப்ளிக் கோப்புறைக்குள் இருக்கும் சிஸ்டம் கோப்புறையின் உரிமையாளர் யார் என்று பாருங்கள்: ரூட்டாக இருந்து ஏதோ கட்டளை ஓட்டியிருந்தால் அது ரூட்டுக்குச் சொந்தமாகியிருக்கும். காணொளி மட்டும் ஏறவில்லையென்றால், காணொளியை மாற்றித்தரும் எஃப்எஃப்எம்பெக்கைப் பாருங்கள்.

## அறிகுறி: எல்லாப் பயனர்களுக்கும் 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்)

நிர்வாகப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே ஐபி காட்டுகிறதா? முன்னால் இருக்கும் பிராக்ஸியின் ஐபிதான் அது. டிரஸ்டட்_பிராக்ஸி_ஐபியில் அந்தப் பிராக்ஸியின் முகவரிகளோடு 127.0.0.1ஐயும் சேருங்கள்.

## அறிகுறி: டிஸ்க் நிரம்பிக்கொண்டே போகிறது

முழுதாக நிரம்பி எல்லாமே நின்றுபோன நிலையா? அப்படியென்றால் முதலில் மூச்சுவிட இடம் பண்ணுங்கள். ‘ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்’ கொடுத்து லாக்குகளை 200 எம்பிக்குச் சுருக்குங்கள், ‘ஆப்ட் கிளீன்’ ஓட்டுங்கள், பழைய காப்பு டம்ப்புகள் அதே டிஸ்கில் கிடந்தால் வேறிடத்துக்கு நகர்த்துங்கள். ரெடிஸ் ‘மிஸ்கான்ஃப்’ என்று கத்திக்கொண்டிருந்தால் இடம் கிடைத்ததும் தானாக அடங்கும்.

ஒன்றே ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: போஸ்ட்கிரெஸின் கோப்புறைக்குள் ‘பிஜி_வால்’ என்று பெரிதாக ஒன்று கிடக்கும். வெறும் லாக் என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. அதை அழித்தால் தரவுத்தளம் எழுந்திருக்காமலே போகலாம்.

மூச்சு வந்த பிறகு யார் இடத்தைத் தின்கிறார் என்று ‘டியு -எஸ்ஹெச்’ வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பப்ளிக், சிஸ்டம், அதற்குள் கேஷ் கோப்புறையாக இருக்கும். மற்ற சர்வர்களின் படங்கள், காணொளிகள், முகப்புப் படங்கள் எல்லாம் உங்கள் டிஸ்கில் பிரதியாகச் சேர்கின்றன. நீங்கள் ஒரே ஒரு ஆளாக இருந்தாலும் நூற்றுக்கணக்கானவர்களைப் பின்தொடர்ந்தால் அத்தனை பேரின் படங்களும் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ‘டூட்சிடிஎல் மீடியா யூசேஜ்’ கணக்குக் காட்டும். ‘டூட்சிடிஎல் மீடியா ரிமூவ்’ 7 நாளுக்கு மேற்பட்டவற்றை அழிக்கும். யாராவது அந்தப் பதிவைத் திறந்தால் மறுபடி இழுத்துக்கொள்ளலாம், இழப்பில்லை. இணைப்பு முன்னோட்டப் படங்களுக்கு ‘பிரிவியூ_கார்ட்ஸ் ரிமூவ்’ என்று தனிக் கட்டளை இருக்கிறது, இயல்பாக 180 நாள் கணக்கு.

கையால் ஓட்டாமல் இருக்க நிர்வாக அமைப்பில் ‘உள்ளடக்கத் தக்கவைப்பு’ பக்கத்தில் மீடியாவுக்கு நாள் எண்ணைப் போடுங்கள். அதே பக்கத்தில் மற்ற சர்வர் பதிவுகளையே அழிக்கும் கட்டமும் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். உங்கள் பயனர்கள் புத்தகக்குறி வைத்த பதிவு, விரும்பிய பதிவு என்று பார்க்காமல் அது துடைத்துவிடும்.

இடத்தைத் தின்பது தரவுத்தளம் என்றால் விஷயம் கொஞ்சம் கனம். ‘டூட்சிடிஎல் ஸ்டேட்டசஸ் ரிமூவ்’ ஓட்டி, அது மணிக்கணக்கில் ஓடிய பிறகும் ‘டிஎஃப்’ அதே எண்ணைக் காட்டும். போஸ்ட்கிரெஸ் அழித்த இடத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு மறுபடி பயன்படுத்தும், லினக்ஸுக்குத் திருப்பிக் கொடுக்காது. திருப்பி வாங்க ‘வேக்யூம் ஃபுல்’ வேண்டும். அது நடக்கும்போது அட்டவணை பூட்டப்படும், அட்டவணை அளவுக்குக் காலியிடமும் வேண்டும். இடமில்லாததால்தானே இதற்கு வந்தோம்! இந்தக் கட்டத்தில் டிஸ்கைப் பெரிதாக்குவதோ, மீடியாவை எஸ்3 வகை இணையச் சேமிப்பகத்துக்கு மாற்றுவதோதான் புத்திசாலித்தனம்.

## அறிகுறி: மெதுவாக இருக்கிறது, அறிவிப்புகள் தாமதம்

பக்கம் சுறுசுறுப்பாகத் திறக்கிறது, வீட்டு டைம்லைன் மட்டும் பின்தங்குகிறது என்றால் சைட்கிக். ‘டிஃபால்ட்’ வரிசையின் தாமதத்தைப் பாருங்கள்.

சைட்கிக் சர்வீஸ் கோப்பில் ‘-சி 25’ (ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட்கள்) என்றும் டிபி_பூல் 25 (தரவுத்தள இணைப்புகள்) என்றும் இருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். த்ரெட்களை மட்டும் 50 ஆக்கிவிட்டுப் பூலை மறந்தால், ‘பூலிலிருந்து 5 விநாடிக்குள் இணைப்பு கிடைக்கவில்லை’ என்ற பிழை லாக்கில் மழையாய்ப் பொழியும். இரண்டையும் ஏற்றிக்கொண்டே போனால் அடுத்து போஸ்ட்கிரெஸ் கைவிரிக்கும், அதன் இயல்பான இணைப்பு வரம்பு 100. அதற்கு மேல் வேண்டுமென்றால், இணைப்புகளைப் பங்கிட்டுத் தரும் பிஜிபவுன்சர்.

சைட்கிக்கைப் பல சர்வீஸ்களாகப் பிரிக்கலாம்: ‘புஷ்’ வரிசைக்கு ஒன்று, ‘புல்’ வரிசைக்கு ஒன்று என்று. ‘ஷெட்யூலர்’ வரிசை மட்டும் ஒரே ஒரு இடத்தில்தான் ஓட வேண்டும்.

ஆனால் பத்துப் பேருக்கும் குறைவான சர்வரில் இதெல்லாம் தேவைப்படவே கூடாது. தேவைப்படுகிறது என்றால் ரிலேக்களை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

## அறிகுறி: அப்டேட் செய்ததிலிருந்து 500 (சர்வரின் உள்பிழை)

லாக்கில் ‘அன்டிஃபைன்ட் காலம்’ என்றிருந்தால், தரவுத்தள அமைப்பைப் புதுப்பிக்கும் டிபி:மைக்ரேட் ஓட்டவில்லை. வெப் சரி, பதிவுகள் மட்டும் வினோதமாக நடந்துகொள்கின்றன என்றால் சைட்கிக்கை மறுதொடக்கம் செய்யவில்லை, அது இன்னும் பழைய கோடில் ஓடுகிறது. 4.3க்கு வந்தவர்களுக்குத் தொடங்கவே மறுத்தால் ஆக்டிவ்_ரெக்கார்ட்_என்க்ரிப்ஷன் என்று தொடங்கும் மூன்று சாவிகள் என்வ் கோப்பில் இல்லை. ‘டிபி:என்க்ரிப்ஷன்:இனிட்’ அவற்றை உருவாக்கித் தரும். ஒருமுறை போட்ட பிறகு அவற்றை மாற்றவோ தொலைக்கவோ கூடாது.

பதிப்புகளைத் தாவிப் போனவர்கள், இடையில் இருக்கும் ஒவ்வொரு வெளியீட்டுக் குறிப்பையும் வரிசையாகப் படித்து, விடுபட்ட படிகளைச் செய்யுங்கள். தொடங்கும் முன் ‘பிஜி_டம்ப் -எஃப்சி’ கொடுத்துத் தரவுத்தளக் காப்பு (டம்ப்) ஒன்று எடுத்து, அதையும் என்வ் கோப்பையும் வேறு கணினியில் வையுங்கள். டம்ப் இல்லாமல் மைக்ரேஷன் பாதியில் உடைந்திருந்தால் கைவைக்காமல் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: ஒரே கணக்கு இரண்டு முறை, இருக்கும் பயனரை இல்லை என்கிறது

இது இந்தப் பட்டியலிலேயே மோசமானது. உபுண்டு 18.04இலிருந்து 20.04க்கோ, டெபியன் 9இலிருந்து 10க்கோ தரவுத்தளத்தை அப்படியே வைத்து மேம்படுத்திய பழைய சர்வர்களில் காணலாம். லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சி 2.28இல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறை மாறியது. போஸ்ட்கிரெஸின் பழைய இண்டெக்ஸ்கள் (தேடுபட்டியல்கள்) பழைய வரிசையிலேயே இருந்தன. இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போய், இன்னொன்றை உருவாக்கிவிடும்.

‘டூட்சிடிஎல் மெயின்டெனன்ஸ் ஃபிக்ஸ்-டூப்ளிகேட்ஸ்’ இதற்கென்றே இருக்கிறது. சர்வீஸ்களை நிறுத்தி, முழுக் காப்பு எடுத்து, முடிந்தால் முதலில் ஒரு பிரதியில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டும் முன் அது எச்சரிக்கும், அந்த எச்சரிக்கை சும்மா இல்லை. பத்துப் பேர் நம்பி எழுதும் சர்வர் என்றால் போஸ்ட்கிரெஸ் தெரிந்த ஒருவரிடம் காசு கொடுத்துச் செய்வதில் வெட்கம் இல்லை.

## அறிகுறி: தெரியாத கணக்குகள், கன்னாபின்னா பதிவுகள்

நூறு புதிய கணக்குகள் ஒரே இரவில் வந்திருந்தால் பதிவு வாசலைத் திறந்து போட்டிருக்கிறீர்கள். 2024 பிப்ரவரியில் வந்த ஸ்பேம் அலை இப்படி ஆளில்லாமல் திறந்து கிடந்த சின்னச் சின்ன சர்வர்களைப் பிடித்துத்தான் ஆடியது. ‘அனுமதி பெற்றபின்’ என்று மாற்றி, அந்தக் கணக்குகளை இடைநிறுத்துங்கள். உடனே செய்யாவிட்டால் மற்ற சர்வர்கள் உங்கள் டொமைனையே தடுக்கும்.

நீங்கள் கொடுக்காத நிர்வாகி உரிமை யாரிடமாவது இருந்தால், அல்லது நீங்கள் போடாத கோப்புகள் லைவ் கோப்புறைக்குள் இருந்தால், அது வேறு கதை. 2023 ஜூலையில் 4.1.3இல் அடைத்த ஓட்டை, மீடியா கோப்பு ஒன்றை வைத்து சர்வரில் கோப்பு எழுதவிடும் வகையானது. பழைய பதிப்பில் ஓடிய சர்வர் என்றால் அதை நினைத்துப் பாருங்கள். சர்வீஸ்களை நிறுத்துங்கள், விபிஎஸ்ஸின் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுங்கள், எதையும் அழிக்காதீர்கள், பாதுகாப்பு தெரிந்தவரிடம் அந்த ஸ்னாப்ஷாட்டைக் கொடுங்கள். பயனர்களுக்கு அன்றே சொல்லிவிடுங்கள், கடவுச்சொல்லை வேறு இடத்திலும் பயன்படுத்தியிருப்பார்கள். புது விபிஎஸ்ஸில் புதிதாக நிறுவி, தரவுத்தளத்தையும் பயனர்களின் மீடியாவையும் மட்டும் கொண்டுவாருங்கள். பழைய லைவ் கோப்புறையை அப்படியே நகலெடுக்க வேண்டாம்.